வரலாற்றுக்கு எந்த அலமாரி?

கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் புத்தக முதுகில் எண் எழுதியவன் நான். சமூக அறிவியலில் எந்தெந்தப் படிப்பு சேரும் என்று யாராவது கேட்டால் எனக்கு அலமாரிதான் கண்முன் வரும்.

எங்கள் நூலகத்தில் எண் போட டூயி முறை. மெல்வில் டூயி 1876-இல் முதலில் அச்சிட்ட அட்டவணையில் 300-க்குப் பெயர் சமூகவியல். சமூக அறிவியல் என்பது பிறகு வந்த பெயர். அதற்குள் 320 அரசியல், 330 பொருளியல், 340 சட்டம், 370 கல்வி. சடங்கு சம்பிரதாயமெல்லாம் 390. வரலாறும் புவியியலும் அங்கே கிடையாது. கூடத்தின் கோடியில், 900-இல் இருக்கும். மனோதத்துவம் 150, தத்துவத்தின் மடியில். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் வருஷா வருஷம் சண்டைக்கு வருவார். "எங்களை மட்டும் ஏன் சார் கோடியில தள்ளி வச்சிருக்கீங்க?" நான் டூயியைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

ஆனால் சென்னையில் நான் கோலன் பகுப்பு என்ற இன்னொரு முறையையும் படித்தேன். அது சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் போட்ட கணக்கு. அவர் கணக்கு வாத்தியார். பிரசிடென்சி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அதே வருஷம் லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். பூட்டுகிற விதத்தில் வேறு வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் அப்படிப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-இல் கோலன் பகுப்பு சென்னையில் அச்சாகி வந்தது.

அதில் எழுத்துகள்தான் வகுப்புகள். டி கல்வி, யு புவியியல், வி வரலாறு, டபிள்யூ அரசியல், எக்ஸ் பொருளியல், ஒய் சமூகவியல், இசட் சட்டம். இந்த ஏழும் சமூக அறிவியல். கோடியில் கிடந்த வரலாறு இங்கே அரசியலுக்குப் பக்கத்து வீடு. மனோதத்துவம் மட்டும் எஸ். வேலிக்கு ஒரு எழுத்து இந்தப் பக்கம், மானுடப் பண்பியல் துறைகளின் வரிசையில் நின்றுவிட்டது. மனத்தை வெளியே நிறுத்திவிட்டுச் சட்டத்தை உள்ளே விட்டதில் எனக்கு இன்றும் முழுச் சம்மதம் இல்லை. அது கிடக்கட்டும்.

என்னைத் திணறடித்தது ஒரே புத்தகம். 1918-இல் வந்த, தென்னிந்திய கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய ஆங்கில நூல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுதி வாங்கிய அறிக்கைகள். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி என்று ஊர் ஊராகப் போகும். நிலம் யார் கையில், கூலி என்ன, கடன் எவ்வளவு என்பது பொருளியல். எந்தச் சாதி எந்தத் தெருவில் என்பது சமூகவியல். 1930-களில் பொருளியலாளர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பி, 1940-இல் மறுஆய்வு வெளியிட்டார்கள். அன்றோடு முதல் புத்தகம் வரலாறாகவும் ஆகிவிட்டது.

பென்சிலில் 330 என்று எழுதினேன். மூன்று துறைக்காரர்களும் கேட்டு வந்தார்கள். ஒருவர் எடுத்துப்போய்த் திருப்பிவைக்கும்போது தம் துறை அடுக்கிலேயே செருகிவிடுவார். அடுத்தவர் வந்து காணோம் என்பார். நாலு தடவை தேடிச் சலித்த உதவியாளர் ஒருநாள் அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் சார்." ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தது.