ஊடை இல்லாத துணி

வெண்கலக் கால டென்மார்க்கில் பெண்கள் தலையில் அணிந்த கொண்டை வலைகளில் பல, நீளவாட்டு இழையான பாவு மட்டும் உள்ள, குறுக்கிழையான ஊடையே இல்லாத துணிகள். நூல்களை ஒன்றோடொன்று முறுக்கியே அவற்றைச் செய்தார்கள். இந்த முறைக்கு இன்று ஸ்ப்ராங் என்று பெயர். ஜட்லாந்தின் போரும் எஷோய் ஈமமேட்டில், 1871இல் ஓக் மரப் பெட்டிக்குள் கிடைத்த பெண்ணின் கம்பளி வலை இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் காலம் கி.மு. 14ஆம் நூற்றாண்டு. 1935இல் ஸ்க்ரிட்ஸ்ட்ரூப்பில் கிடைத்த இளம்பெண்ணின் கூந்தலை மூடியிருந்ததோ குதிரை மயிராலான வலை.

ஸ்ப்ராங்குக்கு ஒரு சட்டமும் இரண்டு கைகளும் போதும். மேலும் கீழும் உள்ள கட்டைகளுக்கு இடையே நூலை இழுத்துக் கட்டி, பக்கத்துப் பக்கத்து இழைகளை விரலால் மாற்றி மாற்றிக் குறுக்கிடச் செய்வார்கள். இரு முனைகளும் கட்டுண்டிருப்பதால், மேலே விழும் ஒவ்வொரு முறுக்கும் கீழே எதிர்த்திசையில் தானே விழும். ஒரு வரிசை செய்தால் இரண்டு கிடைக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் குச்சி செருகி முறுக்கைக் காப்பார்கள். இரு பாதிகளும் நடுவில் சந்திக்கும்போது அங்கே ஒரு நூலைக் கோத்துப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் அத்தனையும் அவிழ்ந்துவிடும். துணி நன்றாக இழுபடும், தலையில் கச்சிதமாகப் பொருந்தும். கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு பாதிகளும் நடுப்பூட்டும்தான் ஆய்வாளர்களுக்கு அடையாளம்.

ஆண்களின் தொப்பிகள் வேறு இனம். முல்ட்ப்யெர்க்கில் 1883இல் கிடைத்த குவிந்த கம்பளித் தொப்பியின் வெளிப்புறம் முழுக்க, நுனியில் முடிச்சிட்ட குட்டை இழைகள் நெருக்கமாக நிற்கின்றன. அசாத்தியப் பொறுமை கேட்கும் வேலை இது. ஈமமேடுகளின் உட்புறம் நீர் தேங்கி, காற்றுப் புகாமல், அமிலத்தன்மையோடு இருந்ததால் கம்பளியும் முடியும் தப்பின. சணல்போன்ற தாவர நார்கள் அந்த அமிலத்தில் கரைந்திருக்கும். ஆகவே இன்று கிடைப்பது அக்கால உடையின் ஒரு பகுதியே.

எகிப்தின் வறண்ட மணல் வேறு சான்றுகளைக் காத்தது. அங்குள்ள கல்லறைகளில் கிடைத்த, கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த வண்ணத் தொப்பிகள் எப்படிச் செய்யப்பட்டன என்பது 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களைக் குழப்பியது. பின்னல் வேலை என்றே பலர் எண்ணினர். ஆஸ்திரிய ஆய்வாளர் லூயிஸ் ஷின்னரர் 1890களில் அவை ஸ்ப்ராங் முறையில் ஆனவை என்று விளக்கினார். கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் மணமான பெண்களின் தலைத்துணிக்கு அதே முறை அப்போதும் கையாளப்பட்டு வந்தது.