இசக்கி, தாணு, பூதலிங்கம்



உறவில் பேத்தி முறை வேண்டிய ஒரு பெண். இசக்கி என்று தொடங்கும் பெயர். அரசிதழில் கொடுத்து மாற்றப் போகிறாளாம். "பேய் பேரு மாதிரி இருக்கு தாத்தா" என்கிறாள். மாற்றுவது அவள் இஷ்டம். எதை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விடட்டும்.

வடமொழி யட்சி தமிழில் இயக்கி ஆனது. உயிர் நம் வாயில் உசிர் ஆவதுபோல இயக்கி இசக்கியானாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி, மதுரைப் புறநகரில் இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கவுந்தியடிகளைச் சந்திக்கிறாள். நம் சிதறால் மலையில் சமணர் செதுக்கிய இயக்கியர் இன்றும் பாறையில் இருக்கிறார்கள். பிறகு வில்லுப்பாட்டில் பழிவாங்கும் நீலியின் கதை வந்து இவளோடு ஒட்டிக்கொண்டது. பயமும் கூடவே வந்தது. ஆனாலும் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுவது அவளிடம்தானே! முப்பந்தலில் கூட்டம் குறைந்து நான் பார்த்ததில்லை.

வருகைப் பதிவேட்டில் தாணு இல்லாத வருஷமே கிடையாது. ஸ்தலம் தலம் ஆனதுபோல ஸ்தாணு தாணு ஆயிற்று. அசையாமல் நிற்பவன் என்று பொருள், சிவனைக் குறிக்கும். தாணு, மால், அயன் மூவரும் ஒன்றான சுசீந்திரம் தாணுமாலயன் பெயரைத்தான் வீட்டுக்கு வீடு வைத்தார்கள். (வகுப்பில் அசையாமல் இருந்த தாணு ஒருவனையும் நான் கண்டதில்லை.)

பூதலிங்கங்களைக் கேலி செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பூதம் என்றால் உண்டானது. நிலம், நீர், தீ, காற்று, வானம் ஐந்தும் பூதங்களே. பூதப்பாண்டிக் கோயில் மூலவர் பூதலிங்கசுவாமி.

அந்தப் பூதப்பாண்டியில் 1907இல் பிறந்தவர் தோழர் ஜீவா. பெற்றோர் வைத்த பெயர் சொரிமுத்து. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் அய்யனாரின் பெயர். பின்னால் ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ்ப் பற்று வந்த காலத்தில் அதையே சொல்லுக்குச் சொல் பெயர்த்து உயிரின்பன் என்று வைத்துக்கொண்டார். மறைமலையடிகள் வேதாசலத்தைப் பெயர்த்துக்கொண்ட அதே முறை. எனக்கு இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. தமிழ்ப் பெயர் வேண்டும் என்றால் சொரிமுத்து ஏற்கெனவே தமிழ்தான். கடைசியில் உயிரின்பனும் நிற்கவில்லை. ஊர் அவரை ஜீவா என்றே கூப்பிட்டது.

உங்கள் வீட்டுப் பழைய பெயர்களைக் கீழே எழுதுங்கள். பாட்டி பெயர்கள் முதலில்.