கிளிப் போட்ட பல்லும் ட்ரம்பெட்டும்

போன ஜூலை மாதம் ஒரு மாலை, சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். "இனிமே இது வேணாம் தாத்தா" என்றாள். முதல் நாள்தான் பல்லுக்கு கிளிப் போட்டிருந்தார்கள். ஊதியதில் மேலுதட்டின் உட்புறம் கிழிந்து ரத்தம் வந்திருக்கிறது. பள்ளி பேண்டில் சுதந்திர தின அணிவகுப்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம் சொல்கிறேன். 1964-ல் புதுச்சேரியில், 14 வயதில், நானும் ஊதினேன். 'கிளேரோன்' என்போம், விசையே இல்லாத பித்தளைக் கொம்பு. பிரெஞ்சுக்காரர்கள் போய் 10 வருடம் ஆகியும், ஜூலை 14 வந்தால் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தருகே முன்னாள் சிப்பாய்கள் மெடல்களோடு நிற்பார்கள். அந்த ஊதலைக் கேட்டு வந்த ஆசை அது. சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தது. மறுபடி ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது. கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். வைத்துவிட்டேன். பிறகு தொடவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பேத்தியின் பல்லைப் பிடித்த கம்பிக்கும், கையிலிருந்த கருவியைக் கற்பிக்கும் முறைக்கும் நான் படித்த மொழியில் வேர் இருக்கிறது. பியேர் ஃபோஷார் என்ற பாரிஸ் பல் வைத்தியர் 1728-ல் எழுதிய பெரிய நூலில், குதிரை லாடம் போல வளைத்த உலோகப் பட்டையில் கோணல் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். இன்றைய கிளிப்பின் வடிவம் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1920-களில் கொடுத்தது. பல்லுக்குப் பல் உலோக வளையம் மாட்டிய காலம் போய், 1960-களுக்குப் பிறகுதான் பசையால் பல்லின்மேல் ஒட்டும் வழக்கம் வந்தது.

பித்தளைக் கருவிக்கு விசை வைத்து 1818-ல் காப்புரிமை வாங்கியவர்கள் ஜெர்மானியர்கள். அதை ஊதக் கற்றுக்கொடுக்கும் முறையை 1864-ல் புத்தகமாக்கியவர் பாரிஸின் ழான் பத்தீஸ்த் அர்பான். இன்றும் ட்ரம்பெட் மாணவர்களுக்கு அதுதான் பாலபாடம்.

மேற்கத்திய பேண்டு நமக்கும் புதிதல்ல. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனையிலேயே வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு சாகித்யம் செய்ததுதான் நோட்டு ஸ்வரம். அந்த வழியில் வந்ததுதான் நம் தெருவில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கும் பேண்டும். குரோம்பேட்டையில் அப்படி 40 வருடம் ஊதிய பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். பேத்தியை அவரிடம் அழைத்துப்போனேன்.

அவர் சொன்னது இதுதான். "சத்தம் உதட்டு அதிர்வில வருது பாப்பா. பல்லு அதுக்குப் பின்னால இருக்குற சுவரு. சுவரு கொஞ்சம் முன்னால வந்திருக்கு, சொரசொரன்னு இருக்கு, அவ்வளவுதான். மேல் ஸ்வரத்துக்கு நீ கொம்பை உதட்டுல அழுத்துற. அழுத்தாதே, மூச்சைத் தள்ளு."

இன்றைய வாத்தியார்கள் சொல்லும் பாடமும் இதுவே. ட்ரம்பெட்டின் வாய்க்கிண்ணம் உள்ளளவு சுமார் 16 மில்லிமீட்டர்தான். டியூபாவுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. அதனால் கிளிப் போட்டவர்களில் ட்ரம்பெட்காரருக்குத்தான் தொல்லை அதிகம்.

அழுத்தி ஊதிய பழக்கத்தால் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கே 1930-களில் உதடு கிழிந்து மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டிவந்தது. வாய்த்தசை கிழியும் அந்தக் காயத்தை அவருடைய செல்லப்பெயரான 'சாச்மோ'வை வைத்தே மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். செட் பேக்கர் என்ற ஜாஸ் கலைஞர் 1966-ல் அடிபட்டுப் பல் சேதமாகி, பிறகு பொய்ப்பல் செட்டோடு முதல் பாடத்திலிருந்து திரும்பக் கற்று, 1970-களில் மேடைக்கு வந்தார். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். அவருக்கு ஸ்வரம் போகவில்லை.

டாக்டர் கொடுத்த மெழுகைக் கம்பிமேல் அப்பிக்கொண்டு, தினம் 10 நிமிடம், கீழ் ஸ்வரங்களை மட்டும் நீளமாக ஊதினாள். ரத்தம் வந்தால் அன்றைக்கு நிறுத்தம். ஆகஸ்ட் 15 அன்று முதல் வரிசையில் அவள் இல்லை. மேல் ஸ்வரம் இல்லாத மூன்றாவது ட்ரம்பெட் அவளுக்கு. ஆனாலும் அணிவகுப்பில் இருந்தாள். கிளிப் கழற்றும்போது உதடு மறுபடி இடம் தேடும், இன்னொரு தடவை பழக வேண்டும் என்பதையும் பெரியவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.

அன்று மாலை என்னிடம் கேட்டாள். "நீங்க ஏன் தாத்தா விட்டீங்க?" பல் உடைந்தது என்றேன். "அதான் தெரியுமே. அப்புறம் ஏன் ஊதலே?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பல்மேல் பழி போட்டு 60 வருடம் ஓட்டிவிட்டேன்.

ட்ரம்பெட்டை நீட்டினாள். பல் செட்டை நாக்கால் சரிசெய்துகொண்டு ஊதினேன். 1964-ல் வந்த அதே காற்றுதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு 10 நிமிஷம் போதும் தாத்தா. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.