டாடா கழகத்து மரநிழலில்

பெங்களூர் வாழ் நாம் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்றழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம், மைசூர் அரசு ஈந்த 371 ஏக்கரில் 1909-இல் தோன்றியது. அன்று பெரும்பாலும் பொட்டல். நட்டு வளர்த்த சோலையில் இன்று தேவாங்கும் வாழ்கிறது.

1933-இல் திருச்சியிற் பிறந்த சர் சி. வி. இராமன் அதன் முதல் இந்திய இயக்குநரானார். அவ்வாண்டே பம்பாயிலிருந்து வந்த கமலா பாக்வத் என்னும் மாணவிக்கு, பெண் என்பதாலேயே இடம் மறுத்தார். நம்மவர் பெருமை பேசும் மலரில் இதனையும் எழுதத்தான் வேண்டும். அம்மங்கை அசையவில்லை, வாதாடி, ஓராண்டுச் சோதனை நிபந்தனையுடன் சேர்ந்தார். சீனிவாசய்யாவின்கீழ்ப் பாலிலும் பருப்பிலுமுள்ள புரதங்களை ஆராய்ந்தார். அவருழைப்பைக் கண்டு மனநிறைவுற்ற இராமன், பின்னர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அம்மரநிழலில் இன்று நம் பெண்மக்களும் ஆய்வுக்கூடம் நோக்கி நடக்கின்றனர்.