பழைய பிளானை ஸ்கேன் பண்ணினா போதாதா? புள்ளி கோடான கதை



கோயில் குரூப்ல சிலர் கேட்டிருந்தாங்க: "பழைய பிளானைத்தான் ஸ்கேன் பண்ணியாச்சே, அதையே திருப்பணிக்குக் கொடுக்க வேண்டியதுதானே? எதுக்கு ஆட்டோகேட்ல மறுபடி வரையிறீங்க?" நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஸ்கேன் என்பது வெறும் புள்ளிகள். 1957-ல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்பவர் தன்னுடைய மூணு மாதக் குழந்தையின் போட்டோவை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி, ஆக 30,976. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா, அவ்வளவுதான் அந்த மெஷினுக்குத் தெரியும். இன்னைக்கு நம்ம கைப்பேசியில் புள்ளிகள் கோடிக்கணக்கில் கூடிப்போச்சு, ஆனா விஷயம் அதேதான். பெருசாக்கிப் பார்த்தா கட்டம் கட்டமாத்தான் தெரியும். எது சுவர், எது தூண் என்று அதுக்குத் தெரியாது.

கோட்டின் கதை வேற. 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர் தன் ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற புரோகிராமை எழுதினார். ஒளிப் பேனாவால் திரையில் தொட்டே வரையலாம். அவர் கோட்டைப் புள்ளிக் குவியலா வைக்கல. இந்த முனை, அந்த முனை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு என்று வைத்தார். "இந்த ரெண்டு கோடும் இணையா இருக்கணும்" என்று சொன்னா கம்ப்யூட்டரே சரிபண்ணும். இன்னைக்கு நாம பாவிக்கிற கேட் எல்லாத்துக்கும் அதுதான் தாத்தா.

இந்த ரெண்டையும் சேர்க்கும் வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவங்க வரைபடக்காரங்கதான். 1960-களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் நாட்டின் நிலக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முனைந்தார். ஐபிஎம் அதுக்காகவே உருளை வைத்த ஸ்கேனர் ஒன்றைச் செய்து கொடுத்தது. மேப்பைச் சுற்றி ஸ்கேன் பண்ணி, வந்த புள்ளிகளைக் கோர்த்து எல்லைக்கோடு ஆக்கினாங்க. 1982-ல் ஆட்டோகேட் வந்த பிறகுதான் இது சின்ன ஆபீஸ்களுக்கும் எட்டியது. அப்போ காகிதத்தைப் பலகையில் ஒட்டி, குறுக்குக்கம்பி போட்ட ஒரு கருவியை மூலைக்கு மூலை நகர்த்தி அழுத்தணும். முழுக்க முழுக்க கண்ணும் கையும்தான்.

புள்ளி, கோடு என்றதும் எங்களுக்கு வாசல்தான் ஞாபகம் வருது. தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றிக் கம்ப்யூட்டர் ஆய்விதழில் ஒரு கட்டுரையே வெளியிட்டார். அடையாளங்களைக் கட்டம் கட்டமா வைத்து, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டா சின்னக் கோலம் பெரிய கோலமா வளரும் என்று காட்டினாங்க. நம்ம பாட்டிமார் இதைத் தோட்டத்து லயத்தில் தினமும் காலையில் செய்தாங்க, யாரும் அதைக் கணக்கு என்று சொல்லல! அதே புள்ளிகளை வைத்து ஒரு அக்கா ஒரு கோலம் போடுவாங்க, பக்கத்து வீட்டு அக்கா வேற போடுவாங்க. எந்தக் கோடு என்பது போடுறவங்க மனசுல இருக்கு.

சரி, மெஷினே கோடு போடாதா? போடும். 2001-ல் பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் இலவசமாகவே கிடைக்குது, இங்க்ஸ்கேப்பிலும் அதுதான் இருக்கு. கோயில் சின்னத்தை பேனருக்கோ டி-சட்டைக்கோ மாத்த அதைவிட நல்லது இல்ல. பிளானுக்குத்தான் ஒத்துவராது. அது கறுப்பின் ஓரத்தைச் சுற்றி வரும், அதனால ஒரு கோடு ரெண்டு கோடாகும். மடிப்பு சுவராகும். கரையான் அரித்த கறை தூணாகும். எழுதியிருக்கிற அளவு எண்கூட வெறும் உருவமா ஆகிடும்.

எங்க கையில் இருப்பது போட்டஸ்டேட்டுக்கு போட்டஸ்டேட் எடுத்த, நாலா மடித்த தாள். தாள் இழுத்துக்கும், சுருங்கும். 60 அடி நீளத்தில் நூற்றுக்கு ஒன்று தப்பினால் ஏழு அங்குலத்துக்கு மேலே போயிடும். கருவறையிலிருந்து பலிபீடம், கொடிமரம் வரை ஓடும் நேர்க்கோட்டில் ஏழு அங்குலம் என்றால் ஸ்தபதி முகத்தில் எப்படி முழிக்கிறது? தோட்டம் விற்றுப்போனப்போ எத்தனையோ கோயில்கள் இடம் மாறின, சில இல்லாமலே போச்சு. அவற்றின் அளவைச் சொல்ல இன்னைக்கு ஒரு தாளும் இல்ல. இந்தத் தாளாவது நம்மகிட்ட மிஞ்சியிருக்கு.

அதனால நாங்க செய்வது இதுதான். ஸ்கேன் படத்தை ஆட்டோகேட்டில் அடியில் வைக்கிறோம். கட்டடத்திலேயே டேப் பிடித்து அளந்த ஒரு தூரத்தை வைத்து அதைப் பெரிதாக்குகிறோம். பிறகு குறுக்கே இன்னொரு தூரத்தைச் சரிபார்க்கிறோம். ரெண்டும் ஒத்துப்போகலேன்னா தாள் இழுத்திருக்கு என்று அர்த்தம், தாளை நம்பாமல் டேப்பை நம்புகிறோம். மேலே ஒவ்வொரு சுவரையும் கையாலேயே வரைகிறோம். பழைய பிளானில் அடி அங்குலம், புதுசில் மில்லிமீட்டர். ஒரு அங்குலம் 25.4, 25 இல்ல.

கருவறையும் அர்த்த மண்டபமும் முடிஞ்சது. மகா மண்டபத்தின் தெற்குப் பக்கம் பிளானில் கிழிந்து போயிருக்கு. அந்தப் பக்கம் தெரியும்படி பழைய திருவிழா, கல்யாணப் போட்டோ யார் வீட்டிலாவது இருந்தா கொண்டு வாங்க. ஸ்கேன் பண்ணிட்டு உடனே திருப்பிக் கொடுத்திடுவோம்.