உழைப்பா, ஓய்வா? தாம்பரம் சானடோரியமும் நுரையீரல் பற்றிய ஒரு நெடிய வாதமும்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பாரம் தூக்குகிறவரோ, பக்கத்து எருமையூரில் கிரஷர் தூசிக்கு நடுவே நிற்கிறவரோ, "உக்காந்திருந்தா ஒண்ணுமில்ல, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்று சொன்னால், ஊர்க்காரர்கள் கைகாட்டும் இடம் தாம்பரம் சானடோரியம். இன்று அதன் பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையம் மட்டும் பழைய பெயரை விடவில்லை. நோயுற்ற நுரையீரலுக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் கண்ட விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. பெரும்பாலும் சிகிச்சை முதலில் வந்தது. அதற்கான உடலியல் காரணம் பின்னால்தான் தெரிந்தது. அந்த வரிசையைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பச்சைமலை அடிவாரத்தில் 1928-இல் காசநோயாளிகளுக்கான இந்தச் சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் வெல்ஸ் நகருக்கு அருகே மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர். 1914-இல் கணிதமேதை ராமானுஜன் கப்பலேறியபோது அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். 1917-இல் காசநோய் என்ற சந்தேகத்தில் ராமானுஜன் மெண்டிப்பில் சேர்க்கப்பட்டதும் இவரிடம்தான்.

சவுரிமுத்து பழகிய காலத்து இங்கிலாந்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று, திறந்தவெளிக் காற்றில் நோயாளியைப் படுக்க வைத்துச் சத்துணவு கொடுப்பது. மற்றொன்று, 1905 முதல் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் நடத்திய படிநிலை உழைப்பு. அங்கே நோயாளி முதலில் அரை மைல் நடப்பார்; நடை பத்து மைல் வரை கூடும்; பிறகு கூடை சுமப்பார், மண்வெட்டி பிடிப்பார், கடைசியில் குந்தாலியால் நிலம் கொத்துவார். உடம்பு சுட்டால் உடனே படுக்கைக்குத் திருப்பி அனுப்பப்படுவார். உழைக்கையில் நோயுற்ற இடத்திலிருந்து கிருமி நச்சு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நோயெதிர்ப்பியலாளர் ஆல்ம்ரோத் ரைட்டின் ஆய்வுகள் அதற்குத் துணை நின்றன. கூலியில்லாமல் தோட்ட வேலையும் நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கொள்கை நிர்வாகத்துக்கு ஏன் பிடித்தது என்பது புரியும்.

அடுத்த அலை நேர் எதிரானது. இத்தாலிய மருத்துவர் கார்லோ ஃபொர்லானினி முன்மொழிந்த முறைப்படி, மார்புக்கூட்டுக்குள் காற்றை ஏற்றி நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்தார்கள். ஓயாமல் அசையும் உறுப்பு ஓய்ந்தால் புண் ஆறும் என்பது நம்பிக்கை. 1930-களிலும் 40-களிலும் இந்தியச் சானடோரியங்களில் இதுவே முதன்மைச் சிகிச்சை. தாம்பரம் சானடோரியம் 1937-இல் அரசின் கைக்கு வந்ததும் இந்தக் கட்டத்தில்தான்.

இங்கே ஒரு புதிர் உண்டு. ஒரு பக்க நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கிறது. அதன் வழியாகப் போகும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பி, நோயாளியின் உதடு நீலம் பாரித்திருக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு அப்படி நேரவில்லை. ஏன் என்பதற்கு 1946-இல்தான் விடை வந்தது. சுவீடனின் வான் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ரான்டும் பூனைகளில் செய்த சோதனையில், ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன என்று காட்டினார்கள். உடம்பின் மற்றப் பாகங்களில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் நேர்மாறு. இந்தச் சுருக்கம், காற்று வராத மூலைக்கு ரத்தத்தை மட்டுப்படுத்தி, காற்று வரும் பக்கம் திருப்பி விடுகிறது.

ஒரு மூலையில் நன்மை செய்யும் இந்தச் சுருக்கம் நுரையீரல் முழுவதும் நடந்தால் ஆபத்து. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து விமானத்தில், காற்றில் ஆக்சிஜன் குறைந்த உயரமான லடாக்குக்குக் கொண்டுபோகப்பட்ட வீரர்கள், பழகிக்கொள்ள நாள் இல்லாமல் உடனே சுமை தூக்கினார்கள். பலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. இந்தர் சிங்கும் சகாக்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட மலைநோய்க் கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே ஆண்டு சுஜய் ராய் குழுவினர் இத்தகைய நோயாளிகளின் ரத்த ஓட்டத்தை அளந்தபோது, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியிருந்தது. இதயத்தின் இடப்பக்கம் பழுதில்லாமல் இருந்தது. காற்றில் ஆக்சிஜன் குறைவு ஒரு பக்கம் குழாயை நெருக்க, உழைப்பு இன்னொரு பக்கம் ரத்தத்தைத் தள்ளியது. இன்று உயரம் ஏறும் இந்திய வீரருக்கு முதல் கட்டமாக ஆறு நாள் பழக்கம்: முதலிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுநடை, அதன் பிறகே ஏற்றம். ஃபிரிம்லியின் ஏணி, வேறொரு காரணத்துக்காக, இமயத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

காசநோயைப் பொறுத்தவரை வாதத்தை முடித்து வைத்தது மருந்து. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலான குடித்தனங்களில், குறைந்த உணவோடு, குறைந்த ஓய்வோடு வாழ்ந்தவர்கள். 1959-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92. இடைவெளி சிறியது. கட்டிலும் மலைக்காற்றும் ஆண்டுக்கணக்கான படுக்கையும் கட்டாயமல்ல என்று உலகம் இங்கிருந்து கற்றது. பேட்டர்சனும் ஃபொர்லானினியும் ஒருசேரத் தோற்றார்கள்.

நுரையீரலும் உழைப்பும் பற்றிய கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பியது. 1990-களில் தாம்பரம் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரும் புகலிடமானது. எச்.ஐ.வி.யோடு வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவில் ஒரு விசித்திரம்: எக்ஸ்ரே சில சமயம் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும், படுத்திருக்கையில் ஆக்சிஜன் அளவும் இயல்பாக இருக்கும். நோயாளியைக் கொஞ்சம் நடக்க விட்டால் அளவு சரியும். காரணம் ரத்தத்தின் வேகம். ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க முக்கால் நொடி எடுக்கிறது. ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளக் கால் நொடி போதும். கடும் உழைப்பில் 20 லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கையில் அந்த முக்கால் நொடி கால் நொடிக்குச் சுருங்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சவ்வு ஆரோக்கியமாக இருந்தால் அதையும் சமாளிக்கும். வீங்கியோ தழும்பேறியோ தடித்த சவ்வுக்கு உபரி நேரம்தான் ஒரே துணை; நடை அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

ஆறு நிமிட நடைச் சோதனை இந்த அறிவின் எளிய வடிவம். முப்பது மீட்டர் சமதள நடைபாதை, கடிகாரம், விரலில் ஆக்சிமீட்டர் இருந்தால் போதும். ஜப்பானியர் தகுவோ அயோயாகி 1974-இல் அக்கருவியின் தத்துவத்தைக் கண்டறிந்திராவிட்டால் நடக்கும்போதே அளப்பது இவ்வளவு எளிதாகியிராது. கொரோனாக் காலத்தில் வீட்டுக் கூடத்திலேயே ஆறு நிமிடம் நடந்து பார்க்கச் சொன்னதும் இதைத்தான்.

கல்தூசியால் நுரையீரல் தழும்பேறியவருக்கும், காசநோய் ஆறித் தழும்பு மட்டும் எஞ்சியவருக்கும் இந்த நடைச் சோதனை பொருந்தும். நாற்காலியில் உட்கார வைத்து ஆக்சிமீட்டரில் எடுத்த 97 என்ற எண், ஷிஃப்ட் முழுக்கப் பாரம் தூக்குகிற உடம்பைப் பற்றி அதிகம் சொல்லாது. எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் சோதனை ஆகியவற்றோடு நடந்த பின் எடுத்த எண்ணும், மீண்டும் இயல்புக்கு வர ஆன நேரமும் சீட்டில் ஏறினால்தான், அவர் எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று மருத்துவரால் சொல்ல முடியும்.