கடல்நீரின் வெப்ப விரிவு

வெப்பநிலை உயரும்போது கடல்நீரின் நிறை மாறாமல் பருமன் மட்டும் கூடுவது கடல்நீரின் வெப்ப விரிவு எனப்படும். புதிதாக ஒரு சொட்டு நீர் சேராமலே கடல்மட்டம் உயர இது காரணமாகிறது. பனிமலை உடைந்து விழுவதைப் படம் பிடிக்கலாம், இதைப் பிடிக்க முடியாது. அதனாலோ என்னவோ, செய்திகளில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

நன்னீர் 4 பாகை செல்சியசில் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் விரியத் தொடங்கும். பள்ளியில் படிக்கும் இந்த முரணான விரிவு கடலுக்குப் பொருந்தாது. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் சுமார் −1.9 பாகையில்தான் உறைகிறது; அதுவரை குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே துருவக் கடலும் சூடேறினால் விரியவே செய்யும்.

விரிவின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 20 பாகையில் உள்ள 1,000 மீட்டர் ஆழ நீர் முழுவதும் ஒரு பாகை சூடேறினால் மட்டம் சுமார் 25 செ.மீ. உயரும். உறைநிலைக்கு அருகிலுள்ள நீரென்றால் 10 செ.மீ.கூட உயராது. ஆழத்தின் அழுத்தம் விரிவைச் சற்றுக் கூட்டுவதால், குளிர்ந்த அடிநீரையும் கணக்கில் விட்டுவிட முடியாது.

விரிவின் பங்கைப் பிரித்தறிய மூன்று வகை அளவீடுகள் உதவுகின்றன. 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடனும் அதன் வழிவந்த செயற்கைக்கோள்களும் கடல்மட்டத்தின் உயரத்தை அளந்தன. 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இணைக்கோள்கள் ஈர்ப்பு வேறுபாட்டைக் கொண்டு நீரின் நிறையைக் கணித்தன. வெப்பநிலையையும் உப்பையும் அளப்பவை ஆர்கோ மிதவைகள். இவை 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரியும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அளந்தபடியே மேலேறி, தரவைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். விரிவால் வந்த உயர்வும் நிறையால் வந்த உயர்வும் சேர்ந்து மொத்த உயர்வுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதே இக்கணக்கின் பலம்.

காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, 1971–2018 காலத்தில் ஏற்பட்ட கடல்மட்ட உயர்வில் பாதி வெப்ப விரிவால் வந்தது. 2006க்குப் பின் நிலப்பனி உருகுவதன் பங்கு அதை முந்திவிட்டது. புவியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலே உள்வாங்குகிறது. அவ்வெப்பம் ஆழத்துக்கு மிக மெதுவாகவே இறங்கும். எனவே கரியமில வாயு வெளியேற்றத்தை இன்றே நிறுத்தினாலும் கடல்நீர் இன்னும் பல நூற்றாண்டுகளுக்கு விரிந்துகொண்டிருக்கும்.